குடிக்கிற குழாய்

தாராவி மேட்டுச் சால் என்கிற வரிசை வீட்டுக் குடியிருப்பில் இருபத்தெட்டுக் குடும்பங்கள், ஒரே ஒரு குழாய். அந்தக் குழாய்க்கு நாக்கு உண்டு என்று சொன்னால் மாட்டுங்காவில் டை கட்டி ஆபீஸ் போகிறவர்கள் சிரிப்பார்கள். சிரித்துவிட்டுப் போகட்டும். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து அறுபத்தொன்றிலிருந்து நான்கு வருஷம் அந்த நாக்குக்குச் செவ்வாய், வெள்ளி தவறாமல் குங்குமம் வைத்தவள் பேராச்சி. அவள் பைத்தியமும் இல்லை, ஊரை ஏய்த்துப் பிழைக்கிறவளும் இல்லை. தோல் பட்டறையில் உப்புத் தோலை உதறி உதறி விரல் நுனியெல்லாம் வெடித்துப்போன, நாற்பது வயது உழைப்பாளி.

அம்பாசமுத்திரத்துப் பக்கத்திலிருந்து புருஷன் வானமாமலையோடு வந்தவள். அவன் பட்டறைக் கத்தி காலில் பட்டு, ஜன்னி கண்டு, நான்கே நாளில் போய்விட்டான். பிள்ளை இல்லை. ஊரில் அம்மா செத்தபோது ஒன்பது வயதில் நின்ற தங்கச்சி செண்பகவல்லியை ரயிலேற்றிக் கொண்டுவந்து வளர்த்தாள். பெரியவளாக்கி, மில் வேலைக்காரன் நெல்லையப்பனுக்குக் கட்டிக்கொடுத்து, கண் பார்வையிலேயே இருக்கட்டும் என்று பள்ளத்துச் சாலில், அங்கிருந்த குழாய்க்கு எதிர்வீட்டில் குடிவைத்தாள். மேட்டிலிருந்து கழிமுகத்துப் பக்கமாக இறங்கினால் மூன்று நிமிஷ நடை. பேராச்சிக்கு உலகத்தில் சொந்தம் என்று இருந்தது அந்த ஒருத்திதான்.

இனி நாக்கின் கதை. தண்ணீர் தெறிக்காமல் இருக்கக் குழாயின் வாயில் ஒரு முழ நீளத்துக்கு ரப்பர் டியூப் செருகியிருந்தார்கள். காலை ஐந்தரைக்குத் தண்ணீர் வரும். எட்டு மணிக்குச் சாவிவாலா வந்து, ரோட்டோரக் குழிக்குள் நீளச் சாவியை விட்டுத் திருகி நிறுத்திவிட்டுப் போவான். அப்புறம் மறுநாள்தான்.

அறுபத்தொன்று ஆடியில் ஒரு வெள்ளிக்கிழமை. வாசல் தெளிக்க மஞ்சள் கரைத்த செம்பை எடுத்துக்கொண்டு, கொஞ்சம் தண்ணீர் சேர்த்துக்கொள்ளலாம் என்று பேராச்சி குழாயடிக்கு வந்தாள். தண்ணீர் அப்போதுதான் நின்றிருந்தது. சொட்டு விழுகிறதா பார்ப்போம் என்று செம்பைக் கீழே வைத்தாள். டியூப்பின் நுனி மஞ்சள் தண்ணீருக்குள் முழுகிக் கிடந்தது.

குழாய்க்குள்ளிருந்து ஒரு சத்தம் வந்தது. நெடுநேரம் மூச்சை அடக்கிய ஒருத்தி மெதுவாக உள்ளுக்கு இழுப்பாளே, அந்தச் சத்தம். செம்பில் தண்ணீர் இறங்க ஆரம்பித்தது. பாதியாயிற்று, கால்வாசியாயிற்று. கடைசியில் அடிமண்டியையும் கொர்ரென்று உறிஞ்சிவிட்டு டியூப் ஒருமுறை துடித்து நின்றது. செம்பு காலி. கீழே ஒரு சொட்டுச் சிந்தவில்லை. நல்ல வெயில், காலை எட்டு மணி, குழாயடியில் நான்கு பெண்கள். எல்லாரும் பார்த்தார்கள்.

மறுநாளும் வைத்துப் பார்த்தார்கள். குடித்தது. அதற்கு மறுநாளும் குடித்தது. தண்ணீர் கொடுக்கிற குழாயை எல்லாரும் பார்த்திருக்கிறார்கள். தண்ணீர் கேட்கிற குழாயை யார் கண்டது? பேச்சியம்மன்தான் பிழைக்க வந்த பிள்ளைகளைத் தேடிப் பம்பாய்க்கு வந்து, வேறு இடம் கிடைக்காமல் குழாய்க்குள் உட்கார்ந்திருக்கிறாள் என்று முடிவாயிற்று. பம்பாயில் இடம் கிடைக்கிற லட்சணம் தெரிந்தவர்கள் யாரும் இதில் குறை காணவில்லை. குழாய்ப் பேச்சி என்று பெயரும் விழுந்தது. டியூப் அவள் நாக்கு. முதலில் அவள் யார் கையிலிருந்து வாங்கிக் குடித்தாளோ, அவளே செவ்வாயும் வெள்ளியும் கொடுக்கட்டும் என்று பேராச்சியிடம் செம்பை ஒப்படைத்தார்கள்.

சாவிவாலா சாவியைத் திருகிய ஐந்தாவது நிமிஷம் அம்மனுக்குத் தாகம் எடுக்கும் என்பதை மட்டும் எவரும் யோசித்துப் பார்க்கவில்லை. யோசித்திருந்தாலும், அவன் அம்மனை எழுப்புகிறவன் என்றுதான் சொல்லியிருப்பார்கள்.

பேராச்சிக்கு அது வாழ்வில் முதல்முறையாகக் கிடைத்த மரியாதை. பட்டறையில் அவளை ஏய், இவளே என்று கத்திக் கூப்பிட்டவர்கள், சாலில் அவளுக்கு வழிவிட்டு ஒதுங்கினார்கள். பரீட்சை எழுதுகிற பிள்ளைகளை அவளிடம் கூட்டிவந்து திருநீறு பூசச் சொன்னார்கள். அவள் கர்வப்பட்டாள், அதை மறைக்கவும் இல்லை. எனக்கு அதில் அவள்மேல் கோபமே வருவதில்லை.

பள்ளத்துச் சாலில் வேறொரு அதிசயம் நடந்தது. மேட்டில் தண்ணீர் நின்ற பிறகும் அங்கே கால் மணி நேரம் மெலிசாக வந்துகொண்டிருக்கும். செவ்வாய், வெள்ளியில் அந்தக் கடைசித் தண்ணீரில் மஞ்சள் வாசனை அடித்தது. அதை முதலில் கண்டுபிடித்து அக்காளிடம் ஓடிவந்து சொன்னவள் செண்பகவல்லி. பேராச்சிக்கு மேலெல்லாம் புல்லரித்தது. அவள் கொஞ்சமும் தயங்காமல் விளக்கம் சொன்னாள்.

"மேல குடிச்சிட்டு கீழ குடுக்கா, பாத்தியா. அதைக் கொட்டிராத, ளா. தனியாப் பிடிச்சு வச்சு ஆளுக்கு ஒரு வாய் குடு."

நடந்தது என்னவென்று அவள் ஒரு எழுத்துப் பிசகாமல் சொல்லிவிட்டாள். நடத்துவது யார் என்பதில்தான் தப்பு. அன்றிலிருந்து பள்ளத்துப் பெண்கள் செவ்வாயும் வெள்ளியும் சின்னச் சின்னக் கிண்ணங்களோடு கடைசித் தண்ணீருக்குக் காத்து நின்றார்கள். தீர்த்தம் என்றார்கள். காய்ச்சல்காரர்களுக்கும் கைக்குழந்தைகளுக்கும் முதலில் கொடுத்தார்கள். நான்கு வருஷம் ஒன்றும் ஆகவில்லை. மஞ்சள் யாரை என்ன செய்யும்?

அறுபத்தைந்து ஆவணியில் மேட்டுச் சால் பூலோகம் படுத்தான். தாதர் மார்க்கெட்டில் மூட்டை தூக்குகிற முரட்டு ஆள், ஒன்பது நாள் விஷக்காய்ச்சலில் பாயோடு பாயாகக் கிடந்தான். வயிறும் போயிற்று. அவனுடைய தாய் மகனின் உடம்பை ஈரத்துணியால் துடைத்து, அழுக்கான வேட்டியையும் அலசி, துணியைப் பிழிந்த தண்ணீரில் வேப்பிலையும் மஞ்சளும் போட்டு, ஒரு செம்பு நிறையக் கொண்டுவந்தாள். பேச்சி இதைக் குடித்து மகன் நோயை வாங்கிக்கொள்ளட்டும் என்று பேராச்சியின் காலைப் பிடித்தாள்.

அப்படி இதுவரை யாரும் கொடுத்ததில்லை. செம்பை வாங்கியபோது வேப்பிலையையும் மீறி நாறியது. பேராச்சி ஒரு நிமிஷம் தயங்கத்தான் செய்தாள். பிறகு, பெற்றவளுக்குப் பிள்ளை அழுக்கில் அருவருப்பு ஏது என்று தன்னையே சமாதானம் செய்துகொண்டு நாக்கை அதில் முக்கினாள். அம்மன் மிச்சம் வைக்காமல் குடித்தாள்.

பூலோகம் பிழைத்துக்கொண்டான். திடகாத்திரமான உடம்பு, பிழைத்தான். ஆனால் புகழ் குழாய்க்குப் போயிற்று. அப்புறம் மேட்டுச் சாலில் யாருக்குக் காய்ச்சல் வந்தாலும் கழுவிய தண்ணீர் குழாயடிக்கு வந்தது. நோயைக் குடிக்கிற அம்மன் என்று கோலிவாடாவிலிருந்துகூட ஆள் தேடிவந்தார்கள்.

புரட்டாசி பிறந்ததும் பள்ளத்துச் சால் விழத் தொடங்கியது. முதலில் இரண்டு வீடு, பிறகு ஐந்து, பிறகு ஒன்பது. மேட்டில் எவன் எழுந்து நடமாடினானோ, அவன் படுத்திருந்த மாதிரியே பள்ளத்தில் இன்னொருவன் படுத்தான். அதே குளிர், அதே தலைவலி, வயிற்றில் அதே சிவப்புத் தடிப்பு. நோய் பாயைச் சுருட்டிக்கொண்டு கீழே குடிபோனது போலிருந்தது. பெண்கள் அதைத் தாழ்ந்த குரலில் சொல்லிக்கொண்டார்கள். அம்மன் ஓரிடத்தில் குடித்ததை எங்கேயாவது கக்கித்தானே ஆகவேண்டும் என்று ஒரு கிழவி சொன்னபோது, பேராச்சி அவளை அதட்டி வாயை அடைத்தாள்.

ஒன்பதாவது வீடு செண்பகவல்லி வீடு.

பேராச்சி வேலைக்குப் போவதை நிறுத்தினாள். தங்கச்சியைத் தொட்டுத் துடைத்து, துணி அலசிய தண்ணீரைத் தானே மேட்டுக்குச் சுமந்துபோய் அம்மனுக்குக் கொடுத்தாள். அன்றைய தீர்த்தத்தை நெல்லையப்பன் பிடித்துவந்து மனைவிக்குப் புகட்டினான். டாக்டர் டைபாய்டு என்றார், மாத்திரை கொடுத்தார், தண்ணீரைக் கொதிக்கவைத்துக் கொடுங்கள் என்றார். கொதிக்கத்தான் வைத்தார்கள். தீர்த்தத்தை மட்டும் யார் கொதிக்கவைப்பார்கள்? செண்பகவல்லி பதினைந்தாம் நாளும் கண் திறக்காமல் கிடந்தாள். பேராச்சிக்கு இருந்ததெல்லாம் ஒரே வேண்டுதல், இவள் எழுந்து உட்காரவேண்டும்.

டாக்டர் தண்ணீரைக் குற்றம் சொன்னதால் பள்ளத்துக்காரர்கள் பைப் மிஸ்திரி நாகூர் மீரானைக் கூட்டிவந்தார்கள். மேலப்பாளையத்துக்காரன், முப்பது வயது, அதிகம் பேசமாட்டான். சாக்கடைக்குள் போகிற இடத்தில் பைப் ஓட்டையாகி அழுக்குக் கலக்கிறது என்றுதான் அவன் முதலில் நினைத்தான். இரண்டு நாள் முட்டளவு சாக்கடையில் நின்று பைப் முழுக்கத் தடவிப் பார்த்தான். ஊசி நுழையக்கூட ஓட்டை இல்லை. மஞ்சள் வாசனை என்றைக்கு வரும் என்று கேட்டான். செவ்வாய், வெள்ளி என்றார்கள். அந்தக் கிழமைகளில் மேலே என்ன செய்கிறார்கள் என்று அடுத்தபடியாகக் கேட்டான்.

வியாழக்கிழமை காலை எட்டு மணிக்கு மேட்டுக் குழாயடிக்கு வந்து நின்றான். தண்ணீர் நின்றது, சத்தம் கிளம்பியது. டியூப்பின் நுனியில் உள்ளங்கையை வைத்தான். சதையை அது கவ்விப் பிடித்தது. கையைப் பிடுங்கியபோது வட்டமாகச் சிவந்திருந்தது. கூட்டத்துக்கு நடுவில் நின்ற பேராச்சியைப் பார்த்து அவன் சொன்னான்:

"அக்கா, நீங்க இங்க குடுக்கது எங்கயும் மறையல. மேல சாவிய அடைச்சதும் பைப்புல இருக்க தண்ணி பூரா பள்ளத்துக்கு எறங்குது. எறங்கும்போது இங்க இருக்கத இழுத்துக்கிட்டுப் போவுது. அதத்தான் அவிய குடிக்காவ."

கூட்டத்தில் ஒருவன், எங்கள் அம்மனைப் பற்றிப் பேச நீ யார் என்று முன்னால் வந்தான். மீரான் அசையவில்லை. உங்கள் சாமியை நான் ஒன்றும் சொல்லவில்லை, இரும்புக் குழாயைச் சொல்கிறேன் என்றான்.

பேராச்சி கேட்டாள்: "என் தங்கச்சி அங்க கெடக்கா. அவளுக்கு நானா விஷம் குடுக்கேன்?"

மீரான் அவளுக்கு ஒரு சோதனை சொன்னான். நாளைக்கு வெள்ளிக்கிழமை, மஞ்சளுக்குப் பதிலாகத் துணிக்குப் போடும் நீலத்தைக் கரைத்துக் கொடுங்கள், கொடுத்துவிட்டுக் கீழே வந்து நின்று பாருங்கள், நீலம் வராவிட்டால் இந்தத் தொழிலையே விட்டுவிடுகிறேன் என்று சொல்லிவிட்டு இறங்கிப் போனான்.

கூட்டம் அவனைத் திட்டித் தீர்த்துவிட்டுக் கலைந்தது. வெயில் ஏறிக்கொண்டிருந்தது. பேராச்சி மட்டும் குழாயடியில் உட்கார்ந்திருந்தாள். இழுப்புச் சத்தம் அடங்கி ரொம்ப நேரமாகியிருந்தது. நான்கு வருஷமாகத் தொட்டுக் கும்பிட்ட நாக்கை அவள் கையில் எடுத்தாள். என்ன நினைத்தாளோ, அதன் நுனியைக் காதில் வைத்தாள்.

முதலில் ஒன்றுமில்லை, வெறும் குளிர்ந்த காற்று. பிறகு வெகு தூரத்தில், பூமிக்கு அடியில், யாரோ பேசினார்கள். பெண் குரல். அம்மன்தான் பேசுகிறாள் என்று பேராச்சிக்கு மயிர்க்கால்கள் குத்திட்டன. மூச்சைப் பிடித்துக் கேட்டாள். பாத்திரம் தேய்க்கும் ஓசை வந்தது. அதற்கு மேல் அந்தக் குரல் தெளிவாக, "இன்னைக்குத் தீர்த்தம் கெடையாதுளா, நாளைக்குத்தான்" என்றது. பிறகு ஒரு இருமல். பள்ளத்துச் சாலில் குழாய்க்கு எதிர்வீட்டில் படுத்திருக்கிற ஒருத்தியின் இருமல். பதினைந்து நாள் பக்கத்திலிருந்து கேட்ட இருமலை அவளுக்கா தெரியாது?

டியூப் அவள் கையிலிருந்து நழுவியது. அன்று முழுக்க அவள் சோறு தொடவில்லை. அம்மன் இருக்கிறாளா இல்லையா என்பது அவளுக்குக் கவலையில்லை. இந்தக் குழாயின் மறுமுனையில் தங்கச்சி இருக்கிறாள், அது போதும் பயப்படுவதற்கு.

வெள்ளிக்கிழமை எட்டு மணிக்கு மூன்று பேர் கழுவிய தண்ணீரோடு வரிசையில் நின்றார்கள். பேராச்சி அவர்களைத் தள்ளி நிற்கச் சொல்லிவிட்டு, செம்பில் நீலத்தைக் கெட்டியாகக் கரைத்தாள். நாக்கை முக்கினாள். அது வழக்கம்போல ஆவலாகக் குடித்தது. மீரானைக் குழாயருகில் காவலுக்கு நிறுத்திவிட்டு அவள் சரிவில் இறங்கி ஓடினாள். ஓடும்போது வராமல் இருக்கவேண்டும் என்று வேண்டினாள். யாரிடம் வேண்டுகிறோம் என்று அவளுக்கே தெரியவில்லை.

பள்ளத்துக் குழாயைச் சுற்றிப் பெண்கள் கிண்ணங்களோடு நின்றார்கள். தண்ணீர் பளிங்காக வந்துகொண்டிருந்தது. நூலாக மெலிந்தது. பேராச்சிக்கு உயிர் திரும்பி வந்தது. அடுத்த நிமிஷம் அது வெளிறிய நீலமாயிற்று, பிறகு கருநீலமாகக் கொட்டியது.

ஒரு பெண் கன்னத்தில் போட்டுக்கொண்டாள். அம்மன் இன்று கோலம் மாறி வந்திருக்கிறாள் என்று சொல்லிக் கிண்ணத்தில் பிடித்து வாய்க்குக் கொண்டுபோனாள். பேராச்சி பாய்ந்து அதைத் தட்டிவிட்டாள். கிண்ணம் கல்லில் உருண்டது. அடுத்தவள் கையிலிருந்ததையும் தட்டினாள். குடிக்காதீர்கள் என்று மட்டும் கத்தினாள்.

எதிர்வீட்டுக்குள் போனாள். செண்பகவல்லி அன்று கண் திறந்திருந்தாள். உதடு வெடித்து, கண் குழிந்து, வெளிச்சத்தைப் பார்த்தபடி கிடந்தாள். அக்காளைக் கண்டதும் முகத்தில் கொஞ்சம் தெளிவு வந்தது.

"அக்கா, இன்னைக்கு வெள்ளிக்கெழமல்லா. தீர்த்தம் வந்திருக்குமே. ஒரு வாய் தா."

பேராச்சி பாயருகில் உட்கார்ந்தாள். உண்மையைச் சொல்லாமலே விட்டிருக்கலாம். கேட்டவள் பச்சைப்பிள்ளை மாதிரி நம்பிக் கேட்டாள், கொதிக்கவைத்த தண்ணீரை இதுதான் தீர்த்தம் என்று கொடுத்திருந்தால் குடித்திருப்பாள். பேராச்சிக்கு அவளிடம் பொய் சொல்லிப் பழக்கமில்லை.

"அது தீர்த்தம் இல்லளா. நோவுக்காரங்களக் கழுவுன தண்ணி. பூலோகத்தக் கழுவுனது, எல்லாரையும் கழுவுனது. நான்தான் மேலருந்து ஒனக்கு அனுப்பிக்கிட்டு இருந்திருக்கேன்."

செண்பகவல்லி அக்காளின் வெடித்த விரல்களைத் தேடிப் பிடித்தாள்.

"அப்பம் இங்கன ஏன் உக்காந்திருக்க? போயி மத்தவளுகட்ட சொல்லு."

பேராச்சி போனாள். முதலில் பள்ளத்தில் சொன்னாள், பிறகு மேட்டில். மேட்டில்தான் கஷ்டமாக இருந்தது. கழுவிய தண்ணீரோடு நின்ற தாய்மார் மூன்று பேரும் நகரவில்லை. ஒரே ஒரு செம்பு மட்டும் கொடுத்துவிடு, எங்கள் பிள்ளையும் பூலோகம் மாதிரி எழுந்துவிடட்டும் என்று அழுதார்கள். அவள் மடியிலிருந்த தோல் பட்டறைக் கத்தியால் டியூப்பை அறுத்தாள். பல பேர் கண்ணை மூடிக்கொண்டார்கள். மீரான் அன்றே குழாயை இரண்டு முழம் உயர்த்திக் கட்டினான், எந்தப் பாத்திரத்தை வைத்தாலும் தண்ணீர் வாயைத் தொடாத உயரத்தில். அடியில் ஒரு பக்கம் மட்டும் திறக்கும் வால்வு ஒன்றையும் பூட்டினான். தண்ணீர் இந்தப் பக்கம் வரலாம், அந்தப் பக்கம் திரும்பிப் போக முடியாது. மறுநாள் எட்டு மணிக்குக் குழாய் நின்றது. எல்லாரும் காது கொடுத்தார்கள். மூச்சுச் சத்தம் இல்லை.

பள்ளத்துச் சாலில் அதற்குப் பிறகு புதிதாக யாரும் படுக்கவில்லை. படுத்தவர்களில் மற்ற எட்டு வீட்டாரும் எழுந்தார்கள். செண்பகவல்லி எழவில்லை. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் குடலில் ரத்தம் கசிந்து, ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகும் வழியில், டாக்சியில், அக்காள் மடியிலேயே போய்விட்டாள்.

மேட்டுச் சால்காரர்கள் கெட்டவர்கள் இல்லை. துக்கம் கேட்க வந்தவர்கள் பேராச்சிக்கு ஒரு ஆறுதல் கொண்டுவந்தார்கள். நாக்கை அறுத்த கோபத்தில் பேச்சி இந்தப் பலியை எடுத்துக்கொண்டு போய்விட்டாள், மனுஷி நீ என்ன செய்வாய் என்றார்கள். தெய்வத்தின் மேல் பழியைப் போட்டுவிட்டு அவளை மறுபடி பழைய பேராச்சியாகவே வைத்துக்கொள்ள அவர்கள் தயாராக இருந்தார்கள். தலையை மட்டும் ஆட்டியிருந்தால் போதும். அந்த மரியாதை, அந்த வழிவிடல், எல்லாம் திரும்பியிருக்கும்.

அவள் அதற்குப் பிறகும் பத்தொன்பது வருஷம் அதே சாலில் இருந்தாள். புதிதாகக் குடிவந்தவர்கள் யாராவது அந்தக் கதையைக் கேட்டு, உங்கள் தங்கச்சியை அம்மன் எடுத்துக்கொண்டாளாமே என்று பேச்சை எடுப்பார்கள். கையிலிருக்கிற வேலையைக் கீழே வைத்துவிட்டு ஒவ்வொரு முறையும் அவள் திருத்துவாள்.

"பேச்சி ஒண்ணும் செய்யல. அவ பேர நான் சொன்னேன், தண்ணிய நான் குடுத்தேன்."